நாம் உள்ளே வந்த இடம்

1

"எந்திரி போல்டோ, போலாம்."

"இப்பத்தானே வந்து உக்காந்தோம்?"

"எந்திரின்னா எந்திரி. மூச்சு முட்டுது எனக்கு. வெளிய போய் ஒரு சோடா குடிச்சிட்டு வந்துடலாம்."

"சோடா உள்ளயே விப்பாங்க. உக்காரு."

திரினிங் உட்காரவில்லை. கணவனின் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். திரையில் வவ்வால் ராணி, படகுக்காரனின் குரல்வளையில் கால்நகத்தை ஊன்றி நின்றாள். எதிரே மேகக்காரி. அவள் மடியில் ஒரே ஒரு கல்தான் மிச்சம். கொட்டகை முழுக்க "எறி! எறிடி!" என்று அலறியது.

"ஏம்மா பச்சை கவுன்! படம் என்ன உன் முதுகுலயா ஓடுது? உக்காரு!"

"என் கையைப் பிடிச்சுக்க போல்டோ, இந்தப் பக்கமா—"

"நான் வரலை. வேணும்னா நீ போய்ட்டு வா."

அந்தக் கல் மேகக்காரியின் கையைவிட்டுப் போவதற்குள் இவனை இங்கிருந்து கிளப்பியாக வேண்டும். கிளப்பாவிட்டால், இத்தனை நாள் திரினிங் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரு பொய், அத்தனை பேர் நடுவில், அத்தனை பெரிய திரையில் அம்பலமாகிவிடும்.

மேகக்காரி கையை ஓங்கினாள்.

(இங்கே நிறுத்துகிறேன். வாரப் பத்திரிகையில் வளர்ந்தவன் வேறு எங்கே நிறுத்துவான்?)

2

வாசகரே, நீங்கள் உள்ளே வந்த இடம் இதுதான். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க் கொட்டகைகளில் படம் காலையில் ஆரம்பித்தால் நிற்பதே கிடையாது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. யார் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். கல்யாணத்தில் நுழைந்தவன் சாவைப் பார்த்துவிட்டு, அப்புறம் காதலைப் பார்ப்பான். சுற்றி வந்து மறுபடி அந்தக் கல்யாணம் வந்ததும் பக்கத்தில் இருப்பவரை இடிப்பான். "நாம உள்ள வந்த இடம் வந்துடுச்சு, கிளம்பு." முடிவை முதலில் பார்த்துவிட்டோமே என்று யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'கல் சுமந்த மேகம்' என்ற படக்கதையை வாராவாரம் எழுதியது நான். அது படமானதும் மணிலாவில் கோட்டு போட்டவர்களோடு உட்கார்ந்து பார்க்கப் பிடிக்காமல், பஸ் ஏறி லுசேனாவுக்குப் போய், ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்தேன். என் முன்வரிசையில் ஒரு புருஷனும் பெண்சாதியும். படம் முடிகிற நேரத்தில் அந்தப் புருஷன் ஒரு வாக்கியம் சொன்னான்.

அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் இத்தனையும். அதை இப்போது சொல்லமாட்டேன்.

என்னிடம் நிஜமாக இருப்பவை கொஞ்சம்தான். திரினிங், போல்டோ என்று அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்ட பெயர்கள். அவளுடைய பச்சை கவுன், அதன் கைமடிப்பில் மறந்துபோய்க் கவ்விக்கொண்டிருந்த ஒரு துணிக்கிளிப். அவன் காதிலிருந்து கன்னம்வரை ஓடிய தீக்காயத் தழும்பு. அந்த வாக்கியம். அதைச் சொன்னபோது அவன் முகம் போன போக்கு. அவர்கள் கொட்டகைக்குள் வருமுன் நடந்ததெல்லாம் என் சேர்மானம்.

3

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

லுசேனாவில் அன்று மழை—

ஜூலை மாதத்தில் லுசேனாவில் மழை பெய்தால் அது ஒரு செய்தியா? அடித்துவிட்டேன்.

போல்டோ நல்லவன்தான், ஆனால்—

இந்த "ஆனால்" பொல்லாதது. போட்ட பிறகு அவனுக்கு ஒரு கெட்டது தேடவேண்டும். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் துணிக்கிளிப்பிலிருந்து தொடங்கினேன். துப்பறியும் கதை எழுதியவனுக்குத் துணிக்கிளிப் ஒரு சாட்சி.

துணி உலர்த்தும் பெண்கள் கிளிப்பைப் பாவாடையில் குத்திக்கொள்வார்கள். கைமடிப்பில் குத்திக்கொள்கிறவள், தலைக்குமேல் கயிறு கட்டிப் படக்கதைப் புத்தகங்களைத் தொங்கவிடுகிறவள். ஆகவே திரினிங்குக்குச் சந்தையோரம் ஒரு வாடகைக் கடை கொடுத்தேன். கயிற்றில் இந்த வாரப் புத்தகங்கள், கீழே ஒரு நீள பெஞ்சு, பெஞ்சில் மீன் விற்று முடித்தவர்கள், பள்ளிக்கு மட்டம் போட்டவர்கள், பல் வலிக்கு டாக்டரிடம் போகப் பயந்து வழியில் உட்கார்ந்துவிட்டவர்கள். உட்கார்ந்து படித்துவிட்டுத் திரும்பக் கிளிப்பில் மாட்டிவிட்டுப் போகவேண்டும். "பக்கத்துல எச்சி வச்சுப் புரட்டாதீங்க, அடுத்தவனும் படிக்கணும்" என்பது நாள்முழுக்க அவள் வாயில் இருக்கும்.

தழும்புக்கு மூங்கில் பீரங்கி. புத்தாண்டு இரவில் அது வெடிக்காத தெரு எங்கள் நாட்டில் கிடையாது. மூங்கிலுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி, துளையில் நெருப்பைக் காட்டினால் டும். நாலைந்து முறை வெடித்ததும் உள்ளே புகை அடைத்துக்கொள்ளும். துளையில் வாய் வைத்து ஊதி அதை வெளியேற்றுவார்கள். உள்ளே ஒரு பொறி மிச்சமிருந்தால் பீரங்கி திருப்பி ஊதும்.*

போல்டோ ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்னி வண்டி ஓட்டுகிறவன். தெருவே கைதட்டியதில் உற்சாகமாகி, குனிந்து ஊதினான். அது திருப்பி ஊதியது. புத்தாண்டு பிறந்தபோது அவன் இரண்டு கண்ணுக்கும் கட்டு.

* வருஷாவருஷம் யாராவது ஊதிக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த வருஷம் அதே ஆளின் தம்பி ஊதுவான். இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

4

ஜீப்னி ஷெட்டில் நின்றது. போல்டோ கடைக்குள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். திரினிங் அவனுக்குப் படித்துக் காட்டினாள். முதலில் அவனுக்கு மட்டும். குரல் நன்றாக இருந்ததால் பெஞ்சில் இருந்தவர்களும் தங்கள் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அவள் ஆளுக்கொரு குரலில் படிப்பாள். படகுக்காரனுக்குப் போல்டோவின் சளிபிடித்த குரல். வவ்வால் ராணிக்கு எதிர்வீட்டு செப்பா அக்காவின் குரல். அந்த செப்பா பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "ராணி சூப்பரா பேசறாடி, அவதான் எனக்குப் பிடிச்சவ" என்பாள்.

கதை தெரியாதவர்களுக்கு: மேகக்காரி வானத்திலிருந்து தவறி விழுந்தவள். எடையே இல்லாதவள். காற்றடித்தால் மேலே போய்விடுவாள். படகுக்காரன் அவள் மடியில் ஆற்றுக்கல்லைப் போட்டுக் கட்டித் தரையில் நிறுத்துகிறான். இருவரும் குடித்தனம் நடத்துகிறார்கள். வாராவாரம் ஒரு கல் குறையும். ஒன்றை வவ்வால் ராணி பிடுங்குவாள், இன்னொன்றை மேகக்காரியே யாருக்காவது இரங்கிக் கொடுத்துவிடுவாள். ஒவ்வொரு கல் போகும்போதும் அவள் கால் தரையில் கொஞ்சம் குறைவாகப் படும். அவ்வளவுதான். ஒரு வருஷம் ஓட்டினேன்.

இந்த இடத்தில் எனக்கே திரினிங் மேல் சந்தேகம் வந்தது. வளர்ந்த பெண், கடை நடத்துகிறவள், ஒரு படக்கதையின் முடிவுக்கா பயப்படுவாள்? பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதியதில்லை, கேட்டதை எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"திரினிங், உங்க மாமா பொண்ணு மணிலாவுக்குக் கூப்பிட்டாளே. துணிக்கடையில வேலை இருக்குன்னு."

"ஆமா. அதுக்கென்ன?"

"போயேன்."

"உனக்குச் சோறு யாரு, உன் பீரங்கியா போடும்?"

"விளையாடாத. நான் இப்ப உன் மடியில கட்டின கல்லு. அவுத்துப் போட்டுட்டுப் போ. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

திரினிங் கிளிப்பை மாட்டிக்கொண்டே இருந்தாள். ஏதோ கடைக்கணக்கு சொல்வதுபோலச் சொன்னாள்:

"கல்லு இல்லைன்னா பறந்துல்ல போயிடுவேன். முட்டாள்."

அதற்குப் பிறகு போல்டோ மணிலா பேச்சை எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் புத்தகம் வந்ததும் முதல் கேள்வியாக "இன்னும் எத்தனை கல்லு மிச்சம்?" என்று கேட்க ஆரம்பித்தான்.

என் சந்தேகம் தீர்ந்தது.

5

கடைசி இதழ் மே மாதம் வந்தது.

அன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார்கள். டாக்டர் கட்டை மாற்றினார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததைத்தான் இருவரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

திரினிங் படித்தாள். வவ்வால் ராணி படகுக்காரனின் கழுத்தை மிதிக்கிறாள். மேகக்காரியிடம் ஒரே ஒரு கல். எறிந்தால் அவன் பிழைப்பான், அவள் தரையில் நிற்க முடியாது. எறியாவிட்டால் அவள் இருப்பாள், அவன் இருக்கமாட்டான்.

"எறிஞ்சிட்டாளா?"

"எறிஞ்சிட்டா. ராணி செத்தா."

பெஞ்சு கைதட்டியது. திரினிங் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. நான் இரண்டு தாள் நிறைய வசனம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஓவியர் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இதுக்குப் பேச்சு வேணாம், அண்ணே" என்றார். பக்கம் முழுக்க இருட்டு வானம், நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி, அடியில் படகின் பக்கத்தில் ஒரு ஆள், நிமிர்ந்து பார்த்துக்கொண்டு.

"அப்புறம்?" என்றான் போல்டோ.

திரினிங் அந்தப் புள்ளியைப் பார்த்தாள்.

"அப்புறம் என்ன ஆச்சு? இருந்தாளா, போயிட்டாளா?"

கட்டுக்குக் கீழே அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. இத்தனை வாரம் அவன் கல்லை எண்ணி வந்தது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

"கால் தரையை விட்டு எழும்பிடுச்சு," என்று திரினிங் படித்தாள். இல்லாத எழுத்தை, விரல்வைத்துப் படித்தாள். "முழங்கால் உசரம். இடுப்பு உசரம். படகுக்காரன் ஓடி வந்து படகுல இருந்த நங்கூரத்தைத் தூக்கி மேல வீசறான். அவ ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கறா. மெதுவா இறங்கி வர்றா. நங்கூரம் நிலா வெளிச்சத்துல மின்னுது. முற்றும்."

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் பாதிப்பேர் அதற்கு முன்னாலேயே புத்தகத்தைப் பார்த்துவிட்டவர்கள். ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

"நங்கூரம்!" என்றான் போல்டோ. "அட, எழுதினவன் மூளைக்காரன்யா."

(நன்றி.)

6

கட்டு பிரித்த அன்று திரினிங் மருந்து வாங்கும் ஜன்னலில் வரிசையில் நின்றாள். டாக்டர் அவனைத் தனியாக உள்ளே கூப்பிட்டுப் பார்த்தார். வெளியே வந்தவன், அவள் கூப்பிட்டதும் நேராக அவளிடம் வந்து நின்றான்.

"பச்சை கவுன் நல்லாத்தான் இருக்கு. பட்டன்தான் ஒண்ணு இல்லை."

திரினிங் அங்கேயே அழுதுவிட்டாள். வரிசையில் இருந்தவர்கள் அவளை முன்னால் விட்டார்கள்.

[காலையில் கிளம்பும்போதே அந்தப் பட்டன் அறுந்துபோனது, 'பச்சை கவுன்ல பட்டன் போச்சே' என்று அவள் வீடே அதிரப் புலம்பினாள் என்று முதலில் எழுதியிருந்தேன். வேகம் குறைகிறது என்று எடுத்துவிட்டேன். எடுத்தது சரிதானா தெரியவில்லை.]

"கொஞ்சம் மங்கல்தான். போகப் போகச் சரியாயிடும்னார்," என்றான் போல்டோ.

"முதல்ல என்ன பாக்கணும் உனக்கு? கடலா? உன் ஜீப்னியா?"

"மேகக்காரி படம் வந்திருக்காமே."

"எவனோ எடுத்த படம். அதுல என்ன இருக்கு?"

"நங்கூரத்தை எப்படி எடுத்திருக்காங்கன்னு பாக்கணும். அவ இறங்கி வர்றதைப் பாக்கணும் திரினிங். அதை ஒரு தடவை பாத்துட்டா போதும் எனக்கு."

போதும். இதற்குமேல் திரினிங்குக்குச் சாக்குகள்தான் மிச்சம்.

அவள் மழையைக் காட்டினாள், கூட்டத்தைக் காட்டினாள், கண்ணுக்கு ஆகாது என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் சிரித்தான். அடுப்பிலிருந்து சுடச்சுடப் பிபிங்கா அரிசிக் கேக்கை எடுத்துக்கொண்டிருந்தபோது செப்பா வந்து சேர்ந்தாள்.

"பாத்துட்டேன்டி!" உதட்டைக் குவித்துக் கொட்டகைப் பக்கம் காட்டினாள். (எங்கள் ஊரில் விரல் நீட்டுவது மரியாதையில்லை. உதடு போதும், ஊரையே காட்டிவிடலாம்.) "கடைசியில நான் அழுத அழுகையில பக்கத்து சீட்டுக்காரன் கைக்குட்டை குடுத்தான்னா பாத்துக்க. ஏன்னா அவ மேல—"

திரினிங் ஒரு பெரிய துண்டு பிபிங்காவை அவள் வாய்க்குள் திணித்தாள்.

"மேல என்ன அக்கா?" என்றான் போல்டோ.

செப்பா நாக்கு வெந்துபோய் இரண்டு கையாலும் விசிறிக்கொண்டாள். திரினிங்கின் கண்ணைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"மேல... மாடி சீட்டு எடுக்காதீங்கன்னு சொல்ல வந்தேன். மூட்டைப்பூச்சி."

7

திரினிங்கின் திட்டம் எளிமையானது. செப்பாவைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், எந்த நேரத்தில் எது ஓடும் என்று விசாரித்தாள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு படம் புதிதாகத் தொடங்கும். தொடக்கத்திலேயே நுழைந்துவிடுவது. கடைசிக் கல் வருவதற்கு முன்னால் வயிற்றுவலி. செப்பா கதவருகே நின்று வாடகை ட்ரைசைக்கிள் வண்டியைத் தயாராக வைத்திருப்பாள். கணவனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால், "முடிவுதான் நமக்குத் தெரியுமே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

நல்ல திட்டம். நானே இதைவிட நன்றாகப் போட்டிருக்கமாட்டேன். அதனால்தான் கெடுத்தேன்.

(கெடுத்தது நானில்லை என்பதுதான் உண்மை. அன்று கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.)

படத்துக்கு ஒரே பிரதி. லுசேனாவில் ஒரு கொட்டகை, பக்கத்து ஊரில் ஒரு கொட்டகை. இங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒருவர் அங்கே மிதிப்பார், அங்கே முடிந்ததை இங்கே கொண்டுவருவார். அன்று பாலத்தின்மேல் வெள்ளம். ரீல் டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். உள்ளே நாங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு விசிலடித்துக்கொண்டிருந்தோம். "சைக்கிள்காரரே, வவ்வால் ராணி உம்மைப் பிடிச்சிட்டாளா?" என்று யாரோ கத்தினார்கள். கடைசி ரீல் ஓட வேண்டிய நேரத்துக்கு வெகுநேரம் கழித்து அது வந்தது. ஆபரேட்டர் மாட்டினார். விளக்கு அணைந்தது.

அப்போதுதான் அந்தத் தம்பதி என் முன்வரிசைக்கு வந்தார்கள். படம் இப்போதுதான் தொடங்குகிறது என்று நினைத்து, நிம்மதியாக, அவள் கவுனை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

திரையில் மேகக்காரி. மடியில் ஒரே ஒரு கல்.

8

"எந்திரி போல்டோ, போலாம்."

வந்துவிட்டது, வாசகரே. நீங்கள் உள்ளே வந்த இடம். வழக்கப்படி இப்போது எழுந்து போகலாம். செருப்பைத் தேடிக்கொள்ளுங்கள்.

இருக்கிறீர்களா? சரி.

அவள் இழுத்தாள், அவன் அசையவில்லை, கல் பறந்தது, ராணி விழுந்தாள். இதற்குமேல் நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அவன் திரையைப் பார்த்து, "நங்கூரம் எங்கடி?" என்று கேட்கிறான். அவள்— (வேண்டாம். அவன் அப்படிப்பட்டவன் இல்லை.)

அவன் ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு நடக்கிறான், வழியில் மழை— (மறுபடி மழை.)

அவன் எல்லாவற்றையும் பார்த்து, எல்லாம் புரிந்து, அவள் கையைப் பிடித்து, "படத்துல மாத்திட்டானுங்க. நீ படிச்சதுதான் நிஜம்" என்கிறான். இது என் பத்திரிகை ஆசிரியருக்குப் பிடித்த முடிவு. எனக்கும் பிடிக்கும். இதோடு நிறுத்தியிருந்தால் கைக்குட்டை விற்பனை கூடியிருக்கும். ஆனால் நடந்தது இது இல்லை.

நடந்ததை, நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அவன் அந்த வாக்கியத்தைச் சொன்னான். திரினிங்கின் கை அவன் முழங்கையில் இருந்தபடியே இருந்தது, ஆனால் இழுப்பதை நிறுத்திவிட்டது. அவள் உட்கார்ந்தாள். நீண்ட நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்தது. மறுபடி தொடங்கியது. தலைப்பு வந்தபோது அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, அவன் காதருகே குனிந்தாள்.

"முதல்ல வானம். மேகத்தையெல்லாம் இலவம்பஞ்சுல செஞ்சிருக்கானுங்க. ஒரு ஓரத்துல பஞ்சு பிஞ்சு தொங்குது."

அவன் சிரித்தான். ஏன் சொல்கிறாய் என்று கேட்கவில்லை.

"அவ விழறா. முதுகுல கம்பி தெரியுது. நல்லாத் தெரியுது. துணி காயப்போடற கம்பி."

"அழகா இருக்காளா?"

"சுமார். மூக்கு கொஞ்சம் பெருசு. படகுக்காரன் நல்லா இருக்கான். உன்னை மாதிரி இல்லை."

என் படத்தை அந்த மனிதன் ரசித்ததுபோல இன்னொருவன் ரசித்து நான் பார்த்ததில்லை. வவ்வால் ராணியின் இறக்கை குடைத்துணி என்று அவள் சொன்னதும் தொடையில் தட்டிச் சிரித்தான். ராணி பேசும்போதெல்லாம் "ஐயோ, செப்பா அக்கா!" என்றான். முதல் கல் போனபோது மூச்சைப் பிடித்துக்கொண்டான். மேகக்காரியும் படகுக்காரனும் ஒரே தட்டில் மீனும் பூண்டுச் சோறும் சாப்பிடும் காட்சியில், நான் எழுதும்போது அவ்வளவு பெரிதாக நினைக்காத காட்சியில், போல்டோ அவள் பக்கம் சாய்ந்துகொண்டான். பிறகு அவள், "கையால ஊட்டறான்" என்று மட்டும் சொன்னாள்.

என் பக்கத்தில் இருந்தவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, எங்களுக்குக் கண்ணு இருக்கு! நீ ஒண்ணும் படிச்சுக் காட்ட வேணாம்!"

திரினிங் திரும்பினாள். அந்த இருட்டிலும் அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். கோபமே இல்லை.

"உங்களுக்குச் சொல்லலை, அண்ணே," என்றாள்.

9

நான் அவர்களுக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே வந்தவன். ஆகவே என் இடம் முதலில் வந்துவிட்டது. மணிலா பஸ்ஸும் வந்துவிடும். நான் எழுந்தபோது மேகக்காரியின் மடியில் இன்னும் இரண்டு கல் இருந்தது. திரினிங் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கடைசிப் பக்கத்துக்கு, பேச்சே இல்லாத அந்த இடத்துக்கு, இரண்டாம் முறை அவள் வந்தபோது அவன் காதில் என்ன சொன்னாள்? வெள்ளைப் புள்ளியையா, நங்கூரத்தையா? எனக்குத் தெரியாது. எழுதியவன் என்பதால் தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். நான் வெளியே வந்துவிட்டேன். உள்ளே இருப்பவர் நீங்கள். அவள் பக்கத்து நாற்காலி காலி. உட்கார்ந்து கேளுங்கள்.

அந்த வாக்கியம் மட்டும் பாக்கி.

கல் பறந்து, ராணி விழுந்ததும் இசை மட்டும்தான் இருந்தது. மேகக்காரியின் கால் மணலைவிட்டு எழும்பியது. ஓவியரின் பக்கத்தை அப்படியே எடுத்திருந்தார்கள். திரை இருண்டுகொண்டே போய் முழுக்க ராத்திரி வானமானது. நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. கீழே நிமிர்ந்து பார்க்கும் ஆள். நங்கூரம் எங்கும் இல்லை. கொட்டகையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். திரினிங் கணவனின் முழங்கையைப் பிடித்தபடி, தண்டனைக்குக் காத்திருப்பவள்போல நின்றாள்.

அப்போது திரைக்கு இடதுபக்கம், வெகுதூரம் தள்ளி, வெளியே போகும் கதவு திறந்தது. மழைவிட்ட மத்தியான வெயில் பளீரென்று உள்ளே விழுந்தது.

போல்டோவின் முகம் திரையை விட்டு, அந்த வெளிச்சத்தின் பக்கம் திரும்பியது. மலர்ந்தது. உதட்டைக் குவித்து அதைக் காட்டினான்.

"அதோ பாரு திரினிங். நங்கூரத்தைப் பிடிச்சிட்டா. எப்படி மின்னுது பாரு. நீ படிச்ச மாதிரியே."

அவன் காட்டிய இடத்தில், தலையில் அவித்த கடலைக் கூடையோடு, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, கடலைக்காரர் உள்ளே வந்துகொண்டிருந்தார்.